ஹாம் ரேடியோவில் 'மிக்கி மவுஸ்' யார்? உங்கள் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, ஏ.எஸ்.ஓ.சி. தேர்வுக்கு, அதாவது ஹாம் உரிமத்துக்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு தம்பி அனுப்பியது. (ஹாம் என்றால், உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்.) "சார், போன வீடியோவில், பேசுவதற்கு முன்னால் கேட்கப் பழகுங்கள், எனக்கு அந்தப் பழக்கம் வந்ததே மிக்கி மவுஸால்தான் என்றீர்கள். யார் அவர்? ஒரு நாட்டுக்கே ஒரே ஒரு ஹாம்தான் இருந்தார் என்றும் சொன்னீர்கள். அது நிஜமா?"

நிஜம்தான் தம்பி. அவர் பெயர் ஃபாதர் மார்ஷல் மோரன். இயேசு சபைப் பாதிரியார். நாடு நேபாளம். அவருடைய அழைப்புக்குறி, அதாவது காற்றலையில் அவரை அடையாளம் காட்டும் பெயர், 9என்1எம்எம். நம் இந்திய அழைப்புக்குறிகள் வி.யு. என்று தொடங்குவது எப்படியோ, அப்படி நேபாளத்துக்கு 9என். கடைசியில் வரும் இரண்டு 'எம்'மை முறைப்படி 'மைக் மைக்' என்றுதான் சொல்ல வேண்டும். அவர் 'மிக்கி மவுஸ்' என்பார். இரைச்சலுக்கு நடுவே அது பளிச்சென்று காதில் விழும். ஜப்பான்காரருக்கும் புரியும், பிரேசில்காரருக்கும் புரியும். உலகம் முழுக்க அந்தப் பெயரிலேயே அவரைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

பிறந்தது சிகாகோவில், 1906-ல். 1929-ல் இந்தியாவுக்கு வந்து, பாட்னாவில் பள்ளி ஆசிரியராகப் பல வருடம் இருந்தார். பாட்னா பல்கலைக்கழகத் தேர்வு வேலையாகக் காத்மாண்டு போனபோதுதான் நேபாளத்தோடு தொடர்பு ஏற்பட்டது. 1951-ல் பரம்பரைப் பிரதமர்களான ராணாக்களின் ஆட்சி முடிந்து நாடு வெளியுலகத்துக்குத் திறந்தது. அதே வருடம் காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் தெற்கு ஓரத்தில், கோதாவரி என்ற இடத்தில் சேவியர் பள்ளியைத் தொடங்கினார். ஆமாம், அங்கேயும் ஒரு கோதாவரி இருக்கிறது. அடிப்படையில் அவர் ஒரு வாத்தியார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளிலிருந்து அவர் ரேடியோவில் பேச ஆரம்பித்தார். நீண்ட காலம் நேபாளத்திலிருந்து ஹாம் அலைவரிசைகளில் வழக்கமாக வந்த ஒரே குரல் அவருடையதுதான். இதன் கனம் புதியவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. ஹாம்களுக்கு டி.எக்ஸ்.சி.சி. என்று ஒரு சான்றிதழ் உண்டு. குறைந்தது 100 நாடுகளோடு பேசி, அதை உறுதிப்படுத்தினால் கிடைக்கும். அந்தப் பட்டியலில் நேபாளத்தைச் சேர்க்க வேண்டுமா, இந்த ஒரு மனிதரைத்தான் பிடித்தாக வேண்டும். அவர் குரல் கேட்டதும் ஒரே அலைவரிசையில் அத்தனை பேரும் விழுந்தடித்துக் கூப்பிடுவார்கள். அதற்குத்தான் பைல்-அப் என்று பெயர். அவரோ, குரல் எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதற்கான நம்பரை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிற ஆள் இல்லை. உட்கார்ந்து பேசப் பிடிக்கும் அவருக்கு. அரிய நாட்டில் இருப்பவர் அப்படிப் பேச நேரம் கொடுப்பது பெரிய விஷயம். நான் அவரை இன்றும் கொண்டாடுவது அதற்காகத்தான்.

இங்கே தொழில்நுட்ப விஷயம் ஒன்று, தேர்வுக்கும் உதவும். காத்மாண்டிலிருந்து அவர் பிறந்த சிகாகோவுக்குப் பேச ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்? மேற்கே என்றுதான் தோன்றும். இல்லை, கிட்டத்தட்ட நேர் வடக்கே! இரண்டு ஊர்களின் தீர்க்கரேகைகளும் உலக உருண்டையில் ஏறக்குறைய எதிரெதிராக இருப்பதால், குறுகிய பாதை வட துருவத்தை ஒட்டிப் போகிறது. தூரம் 12,000 கிலோமீட்டருக்கு மேல். வடக்கே இமயமலை நிற்கிறது. ரேடியோ அலைகளைப் பூமிக்குத் திருப்பி அனுப்பும் மேல் வளிமண்டல அடுக்கான அயனி மண்டலம் துருவப் பகுதியில் கலங்கினால் குரல் படபடவென்று நடுங்கும், அல்லது அடியோடு மறைந்துவிடும். அத்தனையையும் தாண்டி, செயற்கைக்கோள் எதுவும் இல்லாமல் ஒருவரோடொருவர் நலம் விசாரித்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

நமக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. தமிழ்நாட்டுக்கும் காத்மாண்டுக்கும் சுமார் 2,000 கிலோமீட்டர்தான். 20 மீட்டர் பேண்டில், அதாவது 14 மெகாஹெர்ட்ஸில், அயனி மண்டலத்தில் ஒரு முறை பட்டுத் திரும்பி, ஒரே தாவலில் வந்துவிடும்.

எண்பதுகளில், எனக்கு உரிமம் கிடைப்பதற்கு முன்னால், எங்கள் ஊரில் மூத்த ஹாம் ஒருவர் வீட்டுக்குப் போவேன். வால்வு ரிசீவர் வைத்திருந்தார். சூடாகிச் சீராக வரவே அரை மணி நேரம் பிடிக்கும். அதற்குள் தொட்டால் அலைவரிசை நழுவிக்கொண்டே போகும். ஹாம்கள் குரலை அனுப்பும் எஸ்.எஸ்.பி. முறையில் வரும் பேச்சு முதலில் வாத்து கத்துகிற மாதிரிதான் கேட்கும். அதைச் சரிசெய்யும் பி.எஃப்.ஓ. குமிழை அவர் விரல் நுனியால் மயிரிழை நகர்த்துவார். கரகரப்பு இறுகும், இறுகும், திடீரென்று மனிதக் குரலாகிவிடும். அப்படி ஒரு சாயங்காலம்தான் 'மிக்கி மவுஸ்' என்று கேட்டேன். எனக்கு ஒரே பரபரப்பு. "அண்ணே, கூப்பிடுங்க" என்றேன். அவர் மைக்கைத் தொடவே இல்லை. பென்சிலை என் கையில் கொடுத்து, "யார் யார் கூப்பிடுறாங்க, ஃபாதர் யாருக்குப் பதில் சொல்றாரு, எழுது" என்றார்.

எழுத எழுதத்தான் புரிந்தது. ஃபாதர் இன்னொருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே விழுந்து கத்தியவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. அந்தப் பேச்சு முடியக் காத்திருந்து, முழு அழைப்புக்குறியை ஒரே தடவை தெளிவாகச் சொன்னவர்களுக்குக் கிடைத்தது. அவர்களில் சக்தி குறைந்த கருவி வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். ஃபாதரை நான் நேரில் பார்த்ததில்லை. அவரோடு பேசியதும் இல்லை, எனக்கு உரிமம் வந்தபோது அந்த வாய்ப்பு போய்விட்டது. ஆனாலும் காது கொடுக்கக் கற்றுக்கொண்டது அந்தப் பென்சிலாலும் அந்தக் குரலாலும்தான். அண்ணனையும் அவரையும் என்னால் பிரித்து நினைக்க முடியவில்லை.

ஃபாதர் மோரன் 1992 ஏப்ரல் 14 அன்று டெல்லியில் காலமானார்.

ஒரு நாட்டுக்கு ஒரே ஹாம் என்பதைப் பெருமையாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் ஆபத்தும் இருக்கிறது. 2015 ஏப்ரல் 25-ல் 7.8 அளவுள்ள நிலநடுக்கம் வந்து சுமார் 9,000 பேர் இறந்தார்களே, அப்போது நேபாளத்தில் இயங்கிய ஹாம்கள் சொற்பம்தான். தொலைபேசி வேலை செய்யாத இடங்களுக்காக அந்தச் சிலரும், இங்கிருந்து நம் இந்திய ஹாம்களும் செய்திகளைக் கைமாற்றினார்கள். ஃபாதர் காலத்திலேயே அங்கே பத்துப் பேருக்கு உரிமம் கிடைத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அதனால் தம்பி, தேர்வை எழுதி முடியுங்கள். உரிமம் வந்த பிறகு மாலை நேரத்தில் 14.200 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், 9என் என்று ஆரம்பிக்கும் ஒரு குரல் கிடைக்கலாம். கிடைத்தால் மைக்கை அப்படியே வைத்துவிட்டு, முதலில் ஒரு பென்சிலை எடுங்கள். உங்கள் ஊரில் படிக்கிற பையனோ பெண்ணோ பக்கத்தில் இருந்தால் அதை அவர்கள் கையில் கொடுங்கள்.