டிப்ளமா இருந்தால் மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பாளர் ஆகலாமா?

அடுத்த கேள்வி, சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியது. பாலிடெக்னிக்கில் பயோமெடிக்கல் சயின்ஸ் டிப்ளமா முடித்திருக்கிறாராம். "பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் கிளினிக்கல் ரிசர்ச் கோஆர்டினேட்டர் வேலைக்கு டிகிரி இல்லாமல் எடுப்பார்களா? வேலை நேரம் எப்படி?" என்று கேட்கிறார்.

தாராளமாக விண்ணப்பம் போடுங்கள். டிகிரிதான் வேண்டும் என்கிற இடங்கள் உண்டு, டிப்ளமா போதும் என்கிற இடங்களும் உண்டு. இதே வேலையை சில இடங்களில் ரிசர்ச் அசிஸ்டன்ட் என்ற பெயரில் போடுவார்கள், அதையும் தேடிப் பாருங்கள். ஜிசிபி, அதாவது மருத்துவ ஆய்வை முறையாக நடத்துவதற்கான நெறிமுறைப் பயிற்சியை ஆன்லைனிலேயே முடித்துவிடலாம். ரத்தம் எடுக்கத் தெரிந்தால் இன்னும் நல்லது.

நம் பிள்ளைகள் எழுத மறக்கிற ஒரு தகுதி, தமிழ். ஆங்கிலம் அவ்வளவாக வராத ஒரு தாத்தாவிடம் ஆய்வில் சேர ஒப்புதல் வாங்க வேண்டும் என்று வையுங்கள். இது சிகிச்சை இல்லை, ஆய்வு. வேண்டாம் என்றாலும் உங்கள் வைத்தியம் நிற்காது. பாதியில் விலகலாம். இதெல்லாம் அவருக்குப் புரிய வேண்டும். அவரோ பேனாவை எடுத்துக்கொண்டு, "டாக்டர் சொன்னா சரிம்மா, எங்க கையெழுத்து?" என்பார். அது ஒப்புதல் ஆகாது. மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டத்தில் வரும் ஆய்வுகளுக்குப் பொதுவாகச் சாட்சி ஒருவரும் கூட இருக்க வேண்டும்.

மிச்ச வேலை பெரும்பாலும் காகிதம்தான். எண் தப்பாக எழுதிவிட்டால் வெள்ளை மை பூசக் கூடாது. ஒரே கோடு போட்டு அடித்து, பழைய எண் தெரியும்படி விட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். இதில் சலிப்பு வருகிறவர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது, வெளிப்படையாகவே சொல்கிறேன்.

நேரம், வார நாட்களில் அலுவலக நேரம்தான். ஆனால் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர் காலையிலேயே வந்துவிடுவார், நீங்கள் அதற்கு முன்னால் அங்கே இருக்க வேண்டும். ஓவர்டைம் கிடைக்குமா? வேலை நியமனச் சட்டப்படி, உடலுழைப்பு அல்லாத வேலையில் அடிப்படைச் சம்பளம் 2,600 வெள்ளியைத் தாண்டினால் அந்த உரிமை இல்லை. பதிலுக்கு விடுப்பு தருவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

முக்கியமாக, ஒப்பந்தம். சம்பளம் பெரும்பாலும் ஆய்வு மானியத்திலிருந்து வருகிறது. மானியம் முடிந்தால் வேலையும் முடியலாம். நேர்காணலில் கூச்சப்படாமல் "இந்த கிராண்ட் எதுவரைக்கும் இருக்கிறது? எத்தனை ஆய்வுகளை நான் பார்க்க வேண்டும்?" என்று கேளுங்கள். மழுப்பினால், அப்புறம் யோசித்து முடிவெடுங்கள்.

அப்புறம், நீங்கள் உட்லண்ட்ஸ் என்பதால் சொல்கிறேன். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் (என்டியு) மருத்துவப் பள்ளி நொவீனாவில் இருக்கிறது, ரயில் மாறாமலே போய்விடலாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் (என்யுஎஸ்) என்றால் கெண்ட் ரிட்ஜ், வட்டப் பாதை ரயிலுக்கு மாற வேண்டியிருக்கும்.