டிடிஎஸ் குறைவா இருந்தா போதுமா? நீலகிரி ஊற்றையும் ஓடையையும் கண்காணிக்கும் முறை

[காட்சி: கேத்தி பள்ளத்தாக்கு. படிப்படியாகக் கேரட் வயல், அதற்கு மேலே வீடுகள், அடியில் ஓர் ஓடை.]

வணக்கம். நீலகிரியில ஒரு ஊற்றுத் தண்ணியில டிடிஎஸ் பேனாவை, அதாவது கரைஞ்ச உப்போட மொத்த அளவைக் காட்டுற சின்னக் கருவியை முக்கினா, நூறுக்குள்ள ஒரு எண் வர்றது சகஜம். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 சொல்ற ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். அப்போ நம்ம தண்ணி முதல் தரம்னு தோணும். இந்த மலையில அப்படி முடிவு கட்டுறது ஆபத்து. ஏன்னு பார்ப்போம்.

அந்தப் பேனா, தண்ணி எவ்வளவு மின்சாரம் கடத்துதுன்னு பார்த்து, அதை வச்சு கரைஞ்ச உப்போட அளவைக் கணக்குப் போட்டுக் காட்டுது. அவ்வளவுதான் அதோட வேலை. கிருமி இருக்கா, பூச்சிமருந்து இருக்கா, அதெல்லாம் அதுக்குத் தெரியாது.

[காட்சி: மலையின் வெட்டுமுகப் படம். மேலே செம்மண், அதற்குக் கீழே சிதைந்த பாறை, அடியில் கெட்டிப் பாறை.]

நீலகிரியோட அடிப்பாறை சார்னோகைட். கெட்டியான பாறை, சீக்கிரம் கரையாது. மேல இருக்கிற மண்ணையும் காலங்காலமா மழை அலசி எடுத்தாச்சு. அதனால மழைத்தண்ணி மண்ணுல இறங்கி ஊற்றா வெளிய வரும்போது, உப்பைக் கொஞ்சமாத்தான் தூக்கிட்டு வரும். ராமநாதபுரத்துல உப்பு, தர்மபுரியில ஃபுளோரைடுன்னு மண்ணே பிரச்சினையா இருக்கிற ஊர்கள் மாதிரி இல்ல இது.

இப்போ உங்க ஊற்று வழக்கமா 40 காட்டுதுன்னு வைங்க. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா 95. ரெண்டுமே 500க்கு ரொம்பக் கீழதான். ஆனா கரைஞ்ச பொருள் ரெண்டு மடங்குக்கு மேல ஏறியிருக்கு. பாறை மாறல. அப்போ மேல்சரிவுல புதுசா ஏதோ வந்து சேர ஆரம்பிச்சிருக்கணும். கழிப்பறைக் குழியா இருக்கலாம், உரமா இருக்கலாம், சமையல்கட்டுக் கழிவா இருக்கலாம். மலை ஊற்றுக்கு உண்மையான எல்லைக்கோடு அந்த ஊற்றோட சொந்தப் பழைய எண்தான். அதை யாராவது எழுதி வச்சிருந்தாத்தான் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். கண்காணிப்புன்னு நான் சொல்றது இதைத்தான்: ஒரே இடம், ஒரே நேரம், மாசாமாசம், நோட்டுல.

[காட்சி: மார்ச் மாதம். மழை இல்லாத நாளிலும் ஓடும் சின்ன ஓடை.]

பிப்ரவரி, மார்ச்சுல மழையே இல்ல, ஆனா ஓடையில தண்ணி ஓடுது. எங்கிருந்து? சோலைக்கும் புல்வெளிக்கும் சதுப்புக்கும் கீழ தேங்கின நிலத்தடி நீர்தான் கசிஞ்சு கசிஞ்சு ஓடையா வருது. நம்ம ஊர்ல ஆற்று நீர் வேற, நிலத்தடி நீர் வேறன்னு பிரிக்கவே முடியாது. கோடையில ஓடையைச் சோதிச்சா, அந்தச் சரிவோட நிலத்தடி நீரையே சோதிக்கிறோம்னு அர்த்தம். ஆனா அரசு ஏற்பாட்டுல ஆறு, ஏரி எல்லாம் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. கிணறும் நிலத்தடி நீரும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் மாநிலத் துறைக்கும். குழாயில வர்ற குடிநீர் குடிநீர் வடிகால் வாரிய லேபுக்கு. எல்லாருமே தேவையான வேலையைத்தான் செய்றாங்க. ஊட்டி ஏரி, கொடைக்கானல் ஏரி ரெண்டுமே மாசு கட்டுப்பாட்டு வாரியத்தோட தொடர் கண்காணிப்புல இருக்கு. ஆனா ஒவ்வொரு ஹட்டிக்கும், அதாவது மலைக் கிராமத்துக்கும் மேல இருக்கிற ஊற்றுக்கு ஒரு ஆளை எந்தத் துறையாலயும் நிறுத்த முடியாது. அந்த இடம் நம்ம பொறுப்பு.

[காட்சி: வரைபடத்தில் மூன்று புள்ளிகள்.]

முதல்ல இடம். மூணு புள்ளி போதும். ஒண்ணு, ஊருக்கும் தோட்டத்துக்கும் மேல, முடிஞ்சா சோலையை ஒட்டி. அதுதான் ஒப்பிட்டுப் பார்க்கிற அளவுகோல். ரெண்டாவது, ஊர் தண்ணி எடுக்கிற ஊற்று அல்லது கிணறு. மூணாவது, ஊரும் வயலும் முடிஞ்ச பிறகு ஓடையில. மேல இருக்கிற புள்ளியை விட்டுட்டு கீழ மட்டும் சோதிச்சா, அழுக்கு நம்ம ஊர்ல சேர்ந்ததா, முன்னாடியே வந்ததான்னு சொல்ல வழியில்ல.

அடுத்தது சாம்பிள் எடுக்கிறது. இதுல நான் கொஞ்சம் நின்னு பேசப்போறேன், ஏன்னா நல்ல லேபுக்குப் போன கெட்ட சாம்பிளால யாருக்கும் பிரயோஜனம் இல்ல.

[காட்சி: கை நெருக்கத்தில். பாட்டிலின் வாய் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கிறது.]

ரசாயனச் சோதனைக்கான பாட்டிலை அதே ஓடைத் தண்ணியில ரெண்டு மூணு தடவை அலசுங்க. கிருமிச் சோதனைக்கான பாட்டிலை அலசவே கூடாது. அது லேப்ல கிருமி நீக்கி மூடி வந்தது. மூடியைக் கீழ வைக்காதீங்க, உள்பக்கம் விரல் படக் கூடாது. நீரோட்டத்தைப் பார்த்து நில்லுங்க, பாட்டிலோட வாயும் அந்தப் பக்கமே இருக்கட்டும், கை பின்னாடி. அடிச்சேறு கலங்காம, மேல்மட்டத்து நுரையும் வராம, நடுவுல முக்கி எடுங்க. கழுத்துக்கிட்ட கொஞ்சம் காலியிடம் விடுங்க. ஐஸ் போட்ட பெட்டியில வச்சு, ஆறு மணி நேரத்துக்குள்ள லேப் போனா நல்லது. 24 மணி நேரம் தாண்டினா அந்த முடிவை நம்ப முடியாது. குளோரின் போட்ட குழாய்த் தண்ணின்னா, லேப்ல சொல்லி தயோசல்ஃபேட் போட்ட பாட்டில் கேளுங்க. இல்லேன்னா வழியிலயே குளோரின் கிருமியைக் கொன்னுட்டு, ரிப்போர்ட் சுத்தம்னு வந்துடும்.

[காட்சி: கண்ணாடி பாட்டிலுக்குள் பழுப்புப் படிவு மெதுவாக இறங்குகிறது.]

கரைஞ்ச ஆக்சிஜனுக்குப் பழைய விங்க்ளர் முறையே இன்னும் நம்பகமானது. ஓடைக்கரையிலயே மாங்கனீஸ் சல்ஃபேட், அப்புறம் கார அயோடைடு கரைசல் சேர்க்கணும். பழுப்பா ஒரு படிவு விழும். ஆக்சிஜன் நிறைய இருந்தா அடர் பழுப்பு, இல்லவே இல்லேன்னா வெள்ளை. அந்த நிறமே பாதிக் கதை சொல்லிடும். பிறகு அமிலம் ஊத்தி, ஸ்டார்ச் போட்டு, நீலம் மறையும் வரை தயோசல்ஃபேட்டைச் சொட்டுச் சொட்டா விட்டு அளவு எடுப்பாங்க.

இங்கதான் மலைக்காரங்க கவனிக்க வேண்டிய ஒண்ணு இருக்கு. ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு, அதனால தண்ணி பிடிச்சு வைக்கக்கூடிய ஆக்சிஜனும் குறைவு. 15 டிகிரி தண்ணியில கடல்மட்டத்துல லிட்டருக்கு சுமார் 10 மில்லிகிராம் கரையும். ஊட்டியில 7.7தான். சமவெளிப் புத்தகத்தைப் பார்த்துட்டு நம்ம ஓடையில ஆக்சிஜன் குறைஞ்சுபோச்சுன்னு பயப்பட வேண்டாம். கிருமி நீக்கம் மட்டும் செஞ்சு குடிக்கத் தகுந்த நீராதாரத்துக்கு மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் வச்சிருக்கிற அளவு 6 அல்லது அதுக்கு மேல. சோலையை ஒட்டின ஓடை அதைத் தாண்டி நிற்கணும். ஊருக்குக் கீழ அது 4க்கு இறங்கினா, கழிவு கலக்குது.

[காட்சி: சிறு புட்டியில் தண்ணீர் கறுப்பாக மாறுகிறது.]

கிருமிக்கு வீட்டிலயே செய்யக்கூடியது எச்2எஸ் புட்டி. 1982ல இந்திய விஞ்ஞானிகள் வெளியிட்ட எளிய சோதனை. மலக்கழிவோட வர்ற பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்கி, உள்ள இருக்கிற இரும்போட சேர்ந்து தண்ணியைக் கறுப்பாக்கும். பஞ்சாயத்துக்குக் கொடுத்திருக்கிற களச் சோதனைப் பெட்டியோட பெரும்பாலும் இது வரும். ஆனா ஊட்டி, குன்னூர், கோத்தகிரி குளிரை மறந்துடாதீங்க. கிருமி வளர 30 முதல் 37 டிகிரி சூடு வேணும். டிசம்பர் ராத்திரியில அலமாரியில வச்சுட்டு, காலையில கறுக்கலைன்னு சொன்னா அதுல அர்த்தமே இல்ல. தெர்மாகோல் பெட்டியில வெந்நீர் பாட்டிலோட வைங்க, ஆறினதும் மாத்துங்க, 48 மணி நேரம் பாருங்க. கறுத்த புட்டியை பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊத்தின பிறகுதான் கொட்டணும்.

அடுத்து நைட்ரேட். கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்குக்குப் போடுற உரமும் கோழி எருவும் மழையில கரைஞ்சு தண்ணியில சேர்றது இந்த நைட்ரேட்டாத்தான். குடிநீருக்கு எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம், அதுக்கு மேல தளர்வு கிடையாது. பச்சிளங்குழந்தைகளுக்கு அது ரத்தத்துல ஆக்சிஜன் ஓட்டத்தையே பாதிக்கும். கொதிக்க வச்சாலும் நைட்ரேட் போகாது. நைட்ரேட் சோதிக்கிற ஸ்ட்ரிப் வாங்கினா டப்பாவைப் படிங்க: சிலதுல நைட்ரேட்டா எண் இருக்கும், சிலதுல நைட்ரேட்டுல இருக்கிற நைட்ரஜனா மட்டும் இருக்கும். ரெண்டாவது வகையில 10 வந்தாலே எல்லையைத் தொட்டாச்சு. அதை 45 வரைக்கும் இடம் இருக்குன்னு படிச்சா பெரிய தப்பாகிடும்.

நைட்ரேட் உரத்துலயிருந்து வந்ததா, கழிப்பறையிலயிருந்து வந்ததா? இதுக்கு குளோரைடு துப்பு கொடுக்கும். கடல் தூரம், பாறையிலயும் உப்பு இல்ல. அதனால நம்ம ஊற்றுல குளோரைடு ஏறினா, பெரும்பாலும் மனுஷன் சாப்பிட்ட உப்புதான் திரும்பி வருது. பொட்டாஷ் உரத்துலயும் குளோரைடு உண்டு, அதனால இதை மட்டும் வச்சுத் தீர்ப்பு சொல்லாதீங்க. நைட்ரேட், குளோரைடு, கிருமி மூணும் சேர்ந்து ஏறினா, மேல்சரிவுக் குழியைப் போய்ப் பாருங்க.

[காட்சி: ஓடைக் கல்லைத் திருப்பும் கை. அடியில் தட்டையான சிறு பூச்சிகள்.]

கல்லைத் திருப்பிப் பாருங்க. இதுல எனக்கு ரொம்ப நம்பிக்கை. வால்ல ரெண்டு மூணு இழையோட தட்டையா ஒட்டிக்கிட்டு இருக்கிறது ஸ்டோன்ஃப்ளை, மேஃப்ளை குஞ்சுகள். மாசக்கணக்கா இந்தத் தண்ணியிலயேதான் வாழ்றாங்க. ராத்திரி யாராவது செப்டிக் லாரியைத் திறந்து விட்டாலும், மறுநாள் சாம்பிள்ல அது தெரியாம போகலாம். ஆனா கழிவைத் தாங்காத இந்தப் பூச்சிகள் காணாமப் போனதை மறைக்க முடியாது. அதுங்க இருந்த இடத்துல சிவப்புப் புழுவும் கல்லு மேல சாம்பல் நிறப் பிசினும் மட்டும் இருந்தா, கழிவு வழக்கமாவே வருதுன்னு எடுத்துக்கலாம்.

[காட்சி: கொடைக்கானல், பாம்பார் சோலை.]

பழனி மலையையும் ஒரு நிமிஷம் பார்க்கணும். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001ல மூடப்பட்டது. அங்கிருந்த பாதரசம் சோலை மண்ணுல இறங்கிக் கிடந்தது. பாதரசத்துக்கு ருசி இல்ல, அது சேற்றுல படியும், அங்கே மெத்தில் பாதரசமா மாறி மீனுக்குள்ள சேரும். ஓடைத் தண்ணியை மட்டும் சோதிச்சா கதையில பாதிகூடத் தெரியாது. அடிச்சேறையும் மீனையும் தனியா லேபுக்கு அனுப்பணும். உங்க ஊருக்கு மேல என்ன தொழில் நடந்ததுன்னு தெரிஞ்சுதான் எதைச் சோதிக்கணும்னு முடிவு பண்ணணும்.

[காட்சி: குன்னூர் நகருக்குள் ஓடும் ஆறு, பிறகு மேட்டுப்பாளையத்தில் பவானி.]

இதெல்லாம் மேல இருக்கிறவங்க பிரச்சினை மட்டும் இல்ல. குன்னூர் ஓடை இறங்கிப் பவானியில சேருது. அந்தப் பவானியிலயிருந்துதான் மேட்டுப்பாளையம் குடிக்குது, திருப்பூருக்கும் குழாய் போகுது.

நோட்டுல என்ன எழுதணும்? தேதி, நேரம், தண்ணியோட வெப்பம், கடைசியா எப்போ மழை பெய்ஞ்சது, டிடிஎஸ், பி.எச். (புளிப்பா காரமான்னு காட்டுற எண்), ஆக்சிஜன், நைட்ரேட், புட்டி கறுத்ததா இல்லையா, கல்லுக்கடியில என்ன இருந்தது. பி.எச். பேனா நம்ம லேசான தண்ணியில நிலைக்க நேரம் எடுக்கும், அவசரப்படாதீங்க. 6.5க்குக் கொஞ்சம் கீழ வந்தா உடனே கழிவுன்னு நினைக்க வேண்டாம், நம்ம மண்ணே புளிப்பு. பருவமழையோட முதல் பலத்த மழைக்கு மறுநாள் ஒரு சாம்பிள் கூடுதலா எடுங்க. சரிவுல தேங்கினதெல்லாம் அன்னிக்குத்தான் இறங்கி வரும்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்துல கிராமசபை கூடும். பன்னெண்டு மாச நோட்டையும், லேப் ரிப்போர்ட்டையும் ஜெராக்ஸ் எடுத்து அங்க வைங்க. ரெண்டு விஷயத்தைத் தீர்மானமா எழுதச் சொல்லுங்க: ஊற்றுக்கு மேல எத்தனை கழிப்பறைக் குழி, எவ்வளவு தூரத்துலங்கிற கணக்கெடுப்பு ஒண்ணு, மழைக்கு முன்னாடியும் பின்னாடியும் அந்த ஊற்றுல குடிநீர் வடிகால் வாரிய லேப் சாம்பிள் எடுக்கணும்ங்கிறது இன்னொண்ணு. தீர்மான நகலைக் கையில வாங்கி, அதே நோட்டுல ஒட்டிடுங்க.