பில் சொல்ற ஆம்பை நம்பி கீசரை மாட்டாதீங்க!

வணக்கம் மக்களே! கரண்ட் பில்லை வச்சு, கீசர் எத்தனை ஆம்ப் கரண்ட் இழுக்குதுன்னு கணக்கு போட்டா, 4 ஆம்ப்தான்னு வரும். அதை நம்பி 6 ஆம்ப் சாக்கெட்ல சொருகினா பிளக் கருகும். எங்க தப்பு நடக்குது?

கணக்கு சின்னதுதான். ரூபாயை ரேட்டால வகுத்தா யூனிட். யூனிட்டை ஓடின மணி நேரத்தால வகுத்தா கிலோவாட். அதை 1000-ஆல பெருக்கி 230 வோல்ட்டால வகுத்தா ஆம்ப்.

[திரையில்: 480 ÷ 8 = 60 யூனிட்]

கீசருக்கு ரெண்டு மாசத்துல 480 ரூபாய், யூனிட்டுக்கு 8 ரூபாய்னு வச்சுக்கோங்க. தினமும் ஒரு மணி நேரம் சுவிட்ச் ஆன்ல இருந்தா 60 மணி நேரம். ஒரு கிலோவாட், 4.3 ஆம்ப்னு வரும்.

ஆனா தண்ணி சூடானதும் தெர்மோஸ்டாட் கட் பண்ணிடும். தண்ணியை சூடாக்குற காயில் ஓடினது தினமும் அரை மணி நேரம்தான்னா, 60 யூனிட்டும் 30 மணி நேரத்துல போயிருக்கு. அப்போ 2 கிலோவாட், 8.7 ஆம்ப்! அதனால 16 ஆம்ப் சாக்கெட், 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் கண்டிப்பா வேணும்.

ரேட்லயும் ஒரு சிக்கல் இருக்கு. மொத்த பில்லை மொத்த யூனிட்டால வகுக்காதீங்க. தமிழ்நாட்டுல முதல் 100 யூனிட் இலவசம், மேல போகப் போக ஒவ்வொரு ஸ்லாப்புக்கும், அதாவது யூனிட் அடுக்குக்கும், ரேட் ஏறும். கீசரை நிறுத்தினா குறையறது மேல் ஸ்லாப் யூனிட்தான், அந்த ரேட்டைப் போடுங்க. 500 யூனிட்டைத் தாண்டினா கீழ் ஸ்லாப் ரேட்டும் மாறுது, அப்போ ரூபாய் கணக்கே சரிப்படாது.

அதுக்குத்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி: மீட்டர்ல மினுக்குற சிவப்பு லைட்! பக்கத்துலயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்குன்னு அச்சடிச்சிருக்கும். 3200-னு இருக்குன்னு வைங்க. ஃப்ரிட்ஜ், ஃபேன் எல்லாத்தையும் அணைங்க. இன்வெர்ட்டரோட மெயின் பிளக்கையும் கழட்டுங்க, பேட்டரி சார்ஜ் ஏறினா எண்ணிக்கை கூடிடும். கீசரை மட்டும் போட்டு, லைட்டை ஒரு நிமிஷம் போன்ல வீடியோ எடுங்க. மெதுவா ஓட்டி எண்ணினா 107 வருதா? 107-ஐ 60-ஆல பெருக்கி 3200-ஆல வகுங்க. 2 கிலோவாட்! ரூபாயும் வேண்டாம், ஸ்லாப்பும் வேண்டாம்.

ஏசிக்கு இன்னும் கவனம் வேணும். கம்ப்ரசர் கூடிக் குறைஞ்சு ஓடும், அதனால பில்லுல வர்றது சராசரி மட்டும்தான். வயரும், கரண்ட் அதிகமானா தானா கட் ஆகற எம்சிபி சுவிட்சும் ஏசி ஸ்டிக்கர்ல இருக்கற அதிகபட்ச ஆம்பைப் பார்த்துத்தான் போடணும்.

உங்க மீட்டர்ல 3200-ஆ, வேற எண்ணா? கமெண்ட்ல போடுங்க.