பழைய பத்திரிகையைத் தேடிப் போகும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

“1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானபோது தமிழ்ப் பத்திரிகைகள் என்ன எழுதின?” என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டார். கேள்வி சின்னதுதான், தேடல் பெரிது. சுதேசமித்திரன் 1882இல் தொடங்கியது. பாரதியார் எழுதிய ‘இந்தியா’ 1906இல் வந்தது. ஆனால், இவற்றின் எல்லா இதழ்களும் வரிசையாக ஓரிடத்தில் கிடைத்துவிடாது. படித்த மறுநாளே பொட்டலம் மடிக்கப் போன தாள்கள் எத்தனையோ!

முதலில் சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போகச் சொன்னேன். கோட்டையூர் முத்தையா என்ற ஒரே மனிதர் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்களும் இதழ்களும்தான் அதன் அடித்தளம். அவரை நினைக்காமல் அங்கே ஒரு தாளையும் என்னால் புரட்ட முடிவதில்லை. யாழ்ப்பாணத்துப் பத்திரிகை வேண்டுமென்றால் இணையத்தில் ‘நூலகம்’ திட்டம் இருக்கிறது. 1981இல் யாழ் பொது நூலகம் எரிந்ததை அறிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

சரி, தேடும் இதழே அழிந்துபோயிருந்தால்? அப்போதும் ஒரு வழி உண்டு. ஆங்கிலேய அரசு உள்ளூர் மொழிப் பத்திரிகைகளை வாராவாரம் படிக்கவைத்து, முக்கியமான செய்திகளை ஆங்கிலத்தில் சுருக்கி அறிக்கையாக அச்சிட்டது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேட்டால் அவற்றைப் பார்க்கலாம். மூல இதழ் இல்லாமல் போனாலும் அதன் சாரம் அங்கே கிடைக்கக்கூடும். ஒன்றை மறக்கக் கூடாது: அது அரசு பார்க்க விரும்பிய பக்கம் மட்டுமே. அரிசி விலை, நாடக விளம்பரம், ஊர்த் திருவிழா எல்லாம் வேண்டுமென்றால் மூலத்தைத்தான் தேட வேண்டும்.

அப்புறம், தேதி. சில இதழ்களின் முகப்பில் தமிழ் வருஷமும் இருக்கும். அந்த மாணவி 1908 என்றால் கீலக வருஷம் என்று குறித்து வைத்திருந்தார். கீலக பிறந்தது அந்த ஆண்டுச் சித்திரையில். வ.உ.சி. கைதான மார்ச் 12 அதற்கு முந்தைய பிலவங்க வருஷத்தில் வருகிறது. அவர் புரட்டிய கட்டே வேறு!

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய பத்திரிகைக் கட்டு இருக்கலாம். நொறுங்கும் தாளுக்கு டேப் ஒட்டாதீர்கள்; பசை நாளடைவில் எழுத்தையே கெடுத்துவிடும். பழைய பேப்பர்க் கடைக்கு எடைக்குப் போடும் முன் பெயரையும் தேதியையும் குறித்துக்கொண்டு, ஏதாவது ஓர் ஆய்வு நூலகத்துக்கு ஒரு போன் செய்து கேளுங்கள்.

வணக்கம்.