பழைய வினாத்தாள் துணையே! (அணி உரை)

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பொதுத்தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவருக்குப் பழைய வினாத்தாள்கள் துணையா, தடையா என்னும் இவ்வழக்கில், துணையே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர், ஐந்தாண்டுத் தாள்களைப் புரட்டித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் நெட்டுருப் போடும் மாணவன் பாடநூலைத் தொடுவதே இல்லை என்றார். மெய்தான், ஆனால் அவர் குற்றம் சாட்டியது வினாத்தாளைப் படிக்கிற பழக்கத்தை. நாங்கள் பேசுவதோ எழுதிப் பார்ப்பதைப் பற்றி.

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புக் கணிதத் தாளையே எடுத்துக்கொள்வோம். இரண்டு மதிப்பெண் பகுதியிலும் ஐந்து மதிப்பெண் பகுதியிலும் பதினான்கு வினாக்களில் பத்துக்கு விடை எழுதினால் போதும். ஆயினும் 28ஆம் வினாவும் 42ஆம் வினாவும் கட்டாய வினாக்கள். நான்கைத்தான் விட்டுவிடலாமே என்று சில இயல்களை ஒதுக்கி வைத்த பிள்ளைக்கு அந்தக் கட்டாயத்தின் பொருள் உறைப்பது, ஒதுக்கிய இயலிலிருந்தே அவ்வினா வந்து நிற்கும்போதுதான். அது ஜனவரியில் வீட்டுக் கூடத்தில் உறைப்பது நல்லதா, தேர்வறையில் உறைப்பது நல்லதா?

என் அண்ணன் மகள் முதல் தாளைக் கடிகாரம் வைத்து எழுதியபோது அருகில் இருந்தேன். ஓர் ஐந்து மதிப்பெண் கணக்கோடு இருபத்தைந்து நிமிடம் மல்லுக்கட்டியவள், எட்டு மதிப்பெண் வரைபடத்துக்கு வந்தபோது எஞ்சியிருந்தது பன்னிரண்டே நிமிடம். பரவளையத்தைப் பிழையின்றி வரைந்தாள். அளவுத்திட்டத்தை எழுத மறந்தாள். விடைக்குறிப்போடு ஒப்பிட்டு அவளே சிவப்பு மையில் சுழித்துக்கொண்டாள். அடுத்த தாளில், அச்சுகளை வரையுமுன்பே வரைபடத்தாளின் வலது மேல் மூலையில் அளவுத்திட்டம் ஏறிவிட்டது. நான் எத்தனையோ முறை சொல்லிக் கேட்காதவள் அவள் என்பதையும் அவைக்குச் சொல்லிவிடுகிறேன்.

இது என் வீட்டுக் கதை மட்டுமன்று. ரோடிகர், கார்பிக் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களோ ஒரு வாரம் கழித்து அவர்களை விஞ்சினார்கள். படித்த மறுகணமே எவரும் பொதுத்தேர்வு வைப்பதில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 2019இல் பத்தாம் வகுப்புக்குப் புதிய பாடநூல்கள் வந்தன. அதற்கு முந்தைய தாள்களை இன்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவது வீண் வேலை. ஆகவே எந்த ஆண்டுத் தாள் என்று பார்த்தே கையிலெடுக்க வேண்டும்.

நடுவர் அவர்களே, பாடநூலே போதும் என்கிறது எதிரணி. மூன்று மணி நேரத்தை ஒரு வினாத்தாளுக்குள் பங்கிடும் வித்தை அந்நூலின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவர்கள் காட்டட்டும். பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.