கொல்லிமலைக்குத் திரும்பிப் போன பாட்டி

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பின் வணக்கம்.

“எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள். இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள். எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்.” பைபிளில், தெசலோனிக்கேயருக்கு பவுல் எழுதிய முதல் நிருபத்தில், அதாவது கடிதத்தில், வரும் வசனம் இது. காலண்டரிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அச்சடித்து வைத்திருக்கிறோம். ஆனால் நான் வெகுகாலம் ஆஸ்பத்திரியில் செவிலியராக இருந்தவள். வலியில் துடிக்கிறவரின் கட்டிலருகே நின்று “சந்தோஷமாயிருங்கள்” என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அதனால் வசனத்துக்கு விளக்கம் சொல்லப் போவதில்லை. அதன்படி வாழ்ந்த ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன்.

ஈவ்லின் பிராண்ட் என்பது அவர் பெயர். 1879-இல் பிறந்தவர். லண்டனில் வசதியான குடும்பம். படம் வரைவதில் தேர்ந்தவர். 1913-இல் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற மிஷனரியை மணந்துகொண்டு கொல்லிமலைக்கு வந்தார். இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறிப் போகிறோமே, அதே கொல்லிமலைதான். அன்று சாலை கிடையாது. ஒன்று நடக்க வேண்டும், இல்லையென்றால் டோலி. மலைக்காய்ச்சலுக்குப் பயந்து கீழேயிருந்து யாரும் அங்கே தங்கமாட்டார்கள்.

அங்கே அவர்கள் பார்த்த வியாதிகளில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். நரம்புச் சிலந்தி. பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். காலில் ஒரு கொப்புளம் கிளம்பும்; அது உடைந்தால் உள்ளே வெள்ளை நூல் போல ஒரு புழுவின் நுனி தெரியும். இரண்டு முழ நீளம்கூட இருக்கும். அதை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. ஒரு சிறு குச்சியில் சுற்றி, இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம் என்று நாள்கணக்கில் வெளியே எடுக்க வேண்டும். அறுந்துபோனால் கால் வீங்கிச் சீழ் பிடித்துவிடும். எரிச்சல் தாங்காமல் அந்தக் காலைப் படிக்கிணற்றுத் தண்ணீரில் வைப்பார்கள். அங்கே புழு ஆயிரக்கணக்கில் குஞ்சுகளை விடும். அதே தண்ணீரைத்தான் ஊரே குடிக்கும். கிணற்றைச் சுற்றிச் சுவர் வேண்டும், தண்ணீரைத் துணியில் வடிகட்ட வேண்டும், தீர்வு அவ்வளவுதான். ஆனால் அதை ஊர் ஊராகப் போய்ச் சொல்ல ஆள் வேண்டும். சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கப் பொறுமையும் வேண்டும். முதலில் ஜெஸ்ஸி, அவருக்குப் பிறகு ஈவ்லின் என்று இருவரும் அதைச் செய்தார்கள். இந்தியாவில் அந்த நோய் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2000-இல் சான்று கொடுத்தது. எத்தனையோ பேரின் உழைப்பு அது. இவர்களுடைய நடையும் அதில் அடக்கம்.

1929-இல் ஜெஸ்ஸிக்கு, மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சல் கண்டது. ஜூன் மாதம் இறந்துபோனார். பிள்ளைகள் இரண்டு பேரும் படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்தார்கள். சாவுச் செய்தி தந்தியில் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்பா உயிரோடிருந்தபோது எழுதிய கடிதங்களோ கப்பலில் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. அவர்களில் மகனுக்கு அப்போது பதினான்கு, பதினைந்து வயது. பால் பிராண்ட் என்று பின்னாளில் உலகம் அறிந்த மருத்துவர் அவர்தான். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் கொடுத்தவர்.

பிள்ளைகளைப் பார்க்க ஊருக்குப் போன ஈவ்லின், துக்கத்தில் தளர்ந்து ஆளே மாறிப்போயிருந்தார். நேயர்களே, இதை நான் அழுத்திச் சொல்கிறேன். விசுவாசம் இருந்தால் அழக்கூடாது என்று சிலர் போதிக்கிறார்கள். இயேசுவே தம் நண்பன் லாசருவின் கல்லறையருகே கண்ணீர் விட்டாரே! ஈவ்லினும் உடைந்துதான் போனார். ஆனால் உடைந்த மனதோடேயே இந்தியாவுக்குத் திரும்பி வந்தார்.

வயதான பிறகு மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்தது. ஊருக்குத் திரும்புவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவரோ, மிஷன் வேலையிலிருந்துதானே எனக்கு ஓய்வு என்று சொல்லி மறுபடியும் மலையேறிவிட்டார். அப்போது வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன்மலை என்று மட்டக்குதிரையில் சுற்றினார். விழுந்து எலும்பு முறிந்தது. அதன் பிறகு இரண்டு கைகளிலும் மூங்கில் கோல் ஊன்றி நடந்தார். எல்லாருக்கும் அவர் “பிராண்ட் பாட்டி”. 1974-இல், தொண்ணூற்றைந்து வயதில் காலமானார். கொல்லிமலையில் கணவருக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

கடைசி இருபது ஆண்டுகளாக அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் பதிவு செய்திருக்கிறார். எனக்கு இது அருமையான செய்தியாகப் படுகிறது. தன்னைப் பார்த்துக்கொள்ள அவருக்கு நேரம் இல்லை, அவசியமும் இல்லை. மலையைப் பார்த்தார், மலைமக்களைப் பார்த்தார், கிடைத்த நேரத்தில் படம் வரைந்தார்.

நான் சொல்ல வந்தது இதுதான். ஊழியம் செய்தால் சந்தோஷம் வரும் என்று பொதுவாகச் சொல்கிறோம். எப்போதும் வருவதில்லை. வீட்டில் படுக்கையில் இருக்கும் மாமியாரை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொள்ளும் மருமகளைக் கேளுங்கள். “நான் இவ்வளவு செய்கிறேன், ஒருவரும் ஒரு நல்ல வார்த்தை சொல்வதில்லை” என்பார். அந்த மனக்குறை நியாயமானது. பைபிளில், பெத்தானியா ஊரில் இயேசுவுக்கு விருந்து செய்துகொண்டே, தங்கை உதவவில்லை என்று முறையிட்ட மார்த்தாளுக்கும் அதே குறைதான். சேவை மட்டும் இருந்து, நன்றியுணர்வு இல்லாவிட்டால் மனம் கசந்துவிடுகிறது. அதே போன்ற வேறொரு வீட்டில் இன்னொரு பெண், கிழவிக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, “இன்றைக்கு அரைக் கிண்ணம் இறங்கியது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்று சொல்லிக்கொண்டு கிண்ணத்தைக் கழுவுகிறாள். இரண்டு பேருக்கும் வேலை ஒன்றுதான். நன்றி சொல்லத் தெரிந்தவளுக்கு, மற்றவர்கள் நன்றி சொல்லாதது அவ்வளவாக உறைப்பதில்லை. வார்டுகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அதற்காக மருமகளைத் தனியாக விட்டுவிடாதீர்கள். ஒரு நாளாவது போய் அந்தக் கட்டிலருகே நீங்கள் உட்காருங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைகை காட்டுகிறார்கள். கிறிஸ்தவ ஆலயங்களில் விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். வயலில் விளைந்ததில் முதல் பலனைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஆலய வளாகத்தில் ஏலம் நடக்கும். ஒரு கட்டு முருங்கைக்காயைக் கடைவிலையைப் போலப் பல மடங்கு கொடுத்து எடுத்து, அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்கள். உங்கள் ஊர் ஆலயத்தில் பண்டிகை வரும்போது எந்த மதத்தவரானாலும் போய்ப் பாருங்கள், உங்களையும் ஏலம் கேட்கச் சொல்வார்கள். வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும் உங்களுக்கும் என் நன்றி. வணக்கம்.