மிதக்கும் தரையும் நகரும் குழாயும்

நேயர்களுக்கு வணக்கம்.

குளிர் அதிகமான இடங்களில் வீட்டுக்கு ஒரு பாய்லர் இருக்கும். அது சூடாக்கும் தண்ணீர் அறை அறையாகப் போய், ரேடியேட்டர் என்னும் உலோகச் சூடேற்றிகளில் சூட்டை இறக்கிவிட்டு, மறுபடி பாய்லருக்கே வந்து சேரும். போக ஒரு குழாய், வர ஒரு குழாய். சுவரோரம் ஜோடியாக ஓடும் இந்தக் குழாய்கள் யார் கண்ணுக்கும் பிடிப்பதில்லை. புதுத் தரை போடும்போது, “இதையும் அப்படியே அடியில் தள்ளிவிடுங்களேன்” என்பார்கள். தள்ளலாம். ஆனால் அந்தத் தரை எப்படிப்பட்டது என்று முதலில் தெரிய வேண்டும்.

மிதக்கும் தரை என்பது எதனோடும் பிணைக்கப்படாத தரை. கான்கிரீட் தளத்தின் மேல், ஈரம் ஏறாமலிருக்கத் தடித்த பாலிதீன் விரிப்பு. அதன்மேல் வெப்பத்தைக் கடத்தாத பலகை. தெர்மாகோலாக இருக்கலாம், அதைவிடத் திறமையான பாலியூரித்தேன் நுரையாகவும் இருக்கலாம். அதற்கும் மேலே 18 அல்லது 22 மில்லிமீட்டர் சிப்போர்டு, அதாவது மரத்துகளை அழுத்திச் செய்த அட்டை. சிப்போர்டுகளை ஒன்றோடொன்று கோத்துப் பசை போட்டு ஒட்டுவோம். தளத்துக்குள் ஓர் ஆணிகூட இறங்காது. சுவரைச் சுற்றி 10 முதல் 12 மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருப்போம், சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும். சிப்போர்டு ஈரத்தை இழுத்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். அதற்கான இடம் அது.

சரி, குழாய்? அதுவும் சும்மா கிடக்காது. 10 மீட்டர் நீளமுள்ள செம்புக் குழாயில் வெப்பம் 20 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்கு ஏறினால், எட்டரை மில்லிமீட்டர் நீளும். பிளாஸ்டிக் குழாய் அதைப்போல் கிட்டத்தட்ட 10 மடங்கு நீளும். ஆனால் வளைந்து நெளிந்து அதைத் தனக்குள்ளேயே சமாளித்துக்கொள்ளும். செம்புக்கு அந்தக் குணம் கிடையாது. நேராக ஓடி, கடைசியில் எல்போ என்ற வளைவில் திரும்பும் இடத்தில் பலகையோடு இறுக்கி வைத்துவிட்டால், ராத்திரி பாய்லர் ஓடத் தொடங்கியதும் தரைக்கடியில் டிக், டிக் என்று கேட்கும். ஒரு வீட்டில் பல்லி என்றே நினைத்துப் பல நாள் தேடினார்கள். எல்போவுக்கு அப்பால் விரலளவு இடம் விட்டு, குழாய் எதிலாவது உராயும் இடத்தில் ஒரு துண்டு ஃபெல்ட் துணி வைத்திருந்தால் அந்தத் தேடல் மிச்சமாகியிருக்கும்.

அடுத்தது ஆழக் கணக்கு. வெப்பத்தைக் கடத்தாத பலகையை வெட்டி எடுத்த வாய்க்காலில்தான் குழாய் ஓடும். 22 மில்லிமீட்டர் குழாய்க்கு 13 மில்லிமீட்டர் தடிமனில் நுரை உறை போட்டால் மொத்தம் 48. அந்தப் பலகை 75 என்றால் குழாய்க்குக் கீழே 27 மில்லிமீட்டர் பலகை மிஞ்சும். பலகை 50 என்றால் வெறும் 2தான் மிஞ்சும். உடனே, “உறை எதற்கு, சூடு எப்படியும் வீட்டுக்குள்தானே இருக்கிறது” என்று ஒரு யோசனை வரும். அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. கீழே பலகை மெலிந்த இடத்தில் சூடு கான்கிரீட்டுக்குள் இறங்கும். மேலே சிப்போர்டு அந்த ஒரு பட்டையில் மட்டும் காய்ந்து சுருங்கி, இணைப்பு வாய் திறக்கும். தெர்மாகோலுக்கும் 80 டிகிரியை ஒட்டிய சூடு ஆகாது. ஆழம் போதவில்லையா, உறையைக் கழற்றாதீர்கள். ரேடியேட்டர்களுக்குப் பிரியும் கிளைகளையாவது 15 மில்லிமீட்டர் குழாயில் எடுத்துப் போங்கள். 9 மில்லிமீட்டர் உறையோடு சேர்த்து 33தான் ஆகும்.

பலகையை வெட்டிக் குழாய்க்கு வாய்க்கால் எடுத்ததும், அந்த இடத்தில் சிப்போர்டுக்குத் தாங்கல் போய்விடுகிறது. அதனால் இரண்டு பக்கமும் பலகையின் உயரத்துக்கே மரச்சட்டம் வைக்கிறோம். சட்டம் அசைகிறதே என்று சிலர் அதைக் கான்கிரீட்டில் திருகிவிடுகிறார்கள். பாலிதீன் விரிப்பில் ஓட்டை விழுந்தது, தரையும் மிதப்பதை நிறுத்தியது. சட்டம் பலகைகளுக்கு நடுவே சும்மா உட்கார்ந்திருக்கட்டும். அதன்மேல் வரும் சிப்போர்டுத் துண்டை மட்டும் பசை போடாமல் சட்டத்தில் திருகுங்கள். அதுதான் மூடி. மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டால் அந்த மூடியால் பயனில்லை, அதையும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். அப்புறம், வாய்க்காலில் இடம் இருக்கிறதே என்று மின்கம்பியையும் சேர்த்துப் போடாதீர்கள். சூட்டில் கம்பி மின்சாரத்தைத் தாங்கும் திறன் குறையும், அதன் பி.வி.சி. உறை தெர்மாகோலில் பட்டுக்கொண்டே இருந்தால் நாளடைவில் விறைத்துப்போகும்.

மூடிய இடத்தில் இணைப்பே இல்லாமலிருப்பது உத்தமம். சுருளாக வரும் பிளாஸ்டிக் குழாயை ஒரே நீளமாக இழுத்துவிடலாம். ஆனால் ஆக்சிஜன் தடுப்புள்ள குழாயாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் குழாய்ச் சுவர் வழியே காற்றிலுள்ள ஆக்சிஜன் கசிந்து உள்ளே போய் ரேடியேட்டரைத் துருப்பிடிக்க வைக்கும். செம்பு என்றால் பற்றவைத்த இணைப்பு. நட்டு இறுக்கும் வகை வேண்டாம். தரைக்குள் இறங்கி மறுபடி மேலே ஏறும் குழாயில் தண்ணீர் தங்கிவிடும், அங்கே வடிகால் திருகு ஒன்று எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அழுத்தம் ஏற்றிச் சோதித்த பிறகே மூடி போடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒழுகினால்? தண்ணீர் பாலிதீன் விரிப்பின் மேலேயே பரவும். சிப்போர்டு உப்பி நமக்குத் தெரிய வாரக்கணக்காகலாம். அதற்கு முன்பே பாய்லரின் அழுத்தமானி காட்டிக்கொடுக்கும். மேல்தொட்டி இல்லாத மூடிய அமைப்பாக இருந்தால், ஆறியிருக்கும்போது முள் 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தின் அலகு) அளவுக்குள் நிற்கும். தண்ணீர் நிரப்பிய சில நாட்களிலேயே அது மீண்டும் மீண்டும் இறங்குகிறது, வெளியில் எங்கும் கசிவு இல்லை என்றால், மூடியைத் திறக்கும் நேரம் வந்துவிட்டது.

ஆனால் குழாய் தானாக ஒழுகியதைவிட, யாரோ துளைத்து ஒழுகியதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வாசல்படியில். இரண்டு அறைத் தரைகளும் சந்திக்கும் இடத்தில் உலோகப் பட்டை வைத்துத் திருகுவார்கள், சரியாக அதன் கீழேதான் குழாய் கடக்கும். கார்ப்பெட்டைப் பிடிக்கும் ஆணிப்பட்டையும் சுவரோரம் அதே வேலையைச் செய்யும். அதனால் மூடி போடுவதற்கு முன் குழாய்ப் பக்கத்தில் அளவு டேப்பை விரித்துவைத்து, சுவரும் தெரியும்படி படம் எடுத்துக்கொள்வேன். ஒரு பிரதியைப் பாய்லர் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுவேன். அடுத்து துளைபோடும் கருவியோடு வருகிறவர், வாசல்படியில் மண்டியிடுவதற்கு முன் அந்தக் கதவைத் திறந்து பார்க்கட்டும்.

வணக்கம்.